ஊதா விளக்கும் உப்புத் தண்ணீரும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பல்பு, ஒயர், சுவிட்சு விற்கிற சின்னக் கடை என்னுடையது. ரிப்பேரும் உண்டு. கொஞ்ச காலமாக ஒரு புதுவிதப் புகார் வருகிறது. ஊதாவாக எரியும் 'செடி விளக்கு' ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, "அண்ணே, லைட்டுல ஏதோ கோளாறு, செடியெல்லாம் மஞ்சளாவுது" என்பார்கள். மாட்டிப் பார்த்தால் விளக்கு நன்றாகவே எரியும். பையை இன்னும் கொஞ்சம் விரித்தால் உள்ளே இரண்டு மூன்று பாட்டில்கள் இருக்கும். இலையில் தெளிக்க ஒன்று, வேருக்கு ஊற்ற ஒன்று, பூச்சிக்கு ஒன்று. விளக்கு விற்றவரே பாட்டிலையும் விற்றிருப்பார்.

பல்பு விற்கிறவனே சொல்கிறேன். வீட்டுக்குள் எல்.இ.டி. வெளிச்சத்தில் வளரும் செடிக்கு நம் ஊரில் வருகிற கோளாறில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. அந்த இரண்டைப் பற்றியும் விளக்கின் அட்டைப்பெட்டியில் உருப்படியாக ஒரு வரி கிடையாது. இருக்கிற வரிகளோ குளிர்நாட்டு வீட்டை மனத்தில் வைத்து எழுதியவை. அதை அப்படியே புதுச்சேரியில் செய்து பார்த்துவிட்டு, செடி படுத்ததும் பாட்டில் வாங்க ஓடுகிறோம்.

வீட்டுக்குள் எதற்குச் செடி, மொட்டைமாடி இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிறவர்கள் மொட்டைமாடி உள்ளவர்கள். வைசியாள் வீதிப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய தமிழ் வீடுகளைப் பாருங்கள். திண்ணை, நடை, நடுவே வானம் தெரிகிற முற்றம், முற்றத்தில் துளசி. அந்த மாதிரி வீட்டைப் பாகம் பிரித்து, சுவரோடு சுவர் ஒட்டி மூன்று மாடி எழுப்பும்போது முதலில் காணாமல் போவது முற்றம்தான். வாடகைக்கு இருப்பவருக்கு மாடிச் சாவி கிடைப்பதே பெரும்பாடு. பகலிலும் ட்யூப்லைட் போட்டுக்கொண்டு இருக்கிற வீட்டில் ஒரு தட்டு வெந்தயக்கீரை முளைக்க வேண்டுமென்று ஒருவர் ஆசைப்பட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் கடைக்குப் பின்னால் உள்ள சரக்கு அறையில் சூரியனே எட்டிப் பார்க்காது. அங்கேதான் நானும் கீரை வளர்க்கிறேன்.

குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மகள் பாரிஸ் பக்கம் குடியிருக்கிறாள். லீவுக்கு வந்தபோது விளக்கு, விதை, கண்ணாடிபோல மூடி வைத்த பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்கு அடியில் போட்டுச் சூடேற்றுகிற ரப்பர் பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவுக்குச் சமையலில் போட, துளசி மாதிரி இருக்கிற பாசிலிக் வேண்டும். மகள் சொன்னதில் இம்மியும் பிசகாமல் மூடியை மூடி, பாயைச் சூடாக்கி, காலையும் மாலையும் தெளிப்பானால் நனைத்திருக்கிறார். முளைப்பு பிரமாதம். அதற்கப்புறம் ஒரு மூலையிலிருந்து வரிசையாகச் சாய ஆரம்பித்தது. "லைட்டு பத்தலையா தம்பி? இன்னொண்ணு மாட்டிக் குடுக்கிறியா?" என்று போன் செய்தார்.

நான் போனபோது ஐப்பசி மழை. தட்டின்மேல் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தான் தெரியும். எது மஞ்சள், எது பழுப்பு, எங்கே பூஞ்சை என்று ஒன்றும் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே முதல் வேலையாக விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. சாய்ந்த நாற்றுகளின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நனைந்து கறுத்திருந்தது. மேலே இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மண்மேல் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு. கத்தரி, மிளகாய் நாற்று விடுகிற பாகூர் விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், இது நாற்றழுகல் என்று. நெருக்கி விதைத்து, ஈரம் வடியாமல், காற்றும் புகாமல் இருந்தால் வருகிற பூஞ்சை நோய்.

மகள் மீதும் தப்பில்லை. டிசம்பர் பாரிஸில் ஹீட்டர் போட்ட அறைக்குள் காற்று காய்ந்து கிடக்கும், தரை சில்லிட்டிருக்கும். அங்கே மூடியும் வேண்டும், பாயும் வேண்டும், தெளிப்பும் வேண்டும். இங்கே அறையே முப்பது டிகிரி, மழைக்காலக் காற்றில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஈரம். இதில் மூடி போட்டு அடியில் சூடும் வைத்தால் அதற்குப் பெயர் இட்லிப் பானை. மூடியைக் கழற்றினோம், பாயின் பிளக்கைப் பிடுங்கினோம், சாய்ந்ததை மண்ணோடு அள்ளி வெளியே கொட்டினோம். தட்டைக் கழுவிக் காயவைத்து, புதுத் தென்னைநார்த் தூளில் விதைகளை இடைவெளி விட்டுத் தூவி, எதிரே ஒரு சின்ன மேசை விசிறியை மெதுவாக ஓடவிட்டோம். மருந்து ஒரு சொட்டு இல்லை. விளக்கு அதே ஊதா விளக்குதான். இப்போது அந்த வீட்டில் பாசிலிக் எனக்கும் ஒரு கட்டு வருகிறது.

இந்தக் கோளாறு ஏதோ விவரம் தெரியாதவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 'வெஜ்ஜி' என்றொரு செடிப்பெட்டி இருக்கிறது. எல்.இ.டி. வெளிச்சம்தான். 2015 நவம்பரில் அதில் ஜின்னியா பூச்செடி விதைத்தார்கள். இரண்டு வாரத்தில் இலை ஓரத்தில் தண்ணீர் கசிந்தது, இலை சுருண்டது, டிசம்பர் கடைசியில் பூஞ்சை பூத்தது. ஸ்காட் கெல்லி என்ற விண்வெளி வீரர் கெட்ட பகுதியை வெட்டித் துடைத்தார், விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். அப்புறம் விசிறி அதிகமாகிச் செடி காய ஆரம்பித்தது. கடைசியில், அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, செடியைப் பார்த்து நானே முடிவெடுக்கிறேன் என்று கெல்லி கேட்டு வாங்கிக்கொண்டார். கீழேயிருந்து ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். சில செடிகள் செத்தன, மிச்சம் பிழைத்தது. 2016 ஜனவரி நடுவில் அந்தப் பூவின் படம் உலகம் முழுக்க வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் கடைசியில் கைகொடுத்தது விசிறியும் பார்க்கிற கண்ணும்.

நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் செடி போயிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி60 ஏறியபோது, அதன் நான்காம் நிலையோடு ஒரு சின்னப் பெட்டியில் எட்டுக் காராமணி விதைகளை இஸ்ரோ அனுப்பியது. நாலே நாளில் முளைத்தது. இலையும் விட்டது. ஊரெல்லாம் கொண்டாடினோம், நியாயம்தான். ஆனால் முளைப்பு என்பது விதை தன் கைச்சோற்றைத் தின்று செய்கிற வேலை. காராமணிக்குள் இருக்கிற பருப்பு இரண்டு இலை விடும்வரை காணும். அதுவரை விளக்கு நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. என் கடைக்கு வருகிறவர்களும் முதல் வாரம் போட்டோ அனுப்புகிறார்கள், மூன்றாம் வாரம் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கைச்சோறு தீர்ந்த பிறகுதான் தண்ணீரும் வெளிச்சமும் காற்றும் பரீட்சைக்கு வருகின்றன.

தண்ணீருக்கு வருகிறேன். இதில்தான் புதுச்சேரிக்காரர்களோடு எனக்குச் சண்டை.

லாஸ்பேட்டையில் ஒரு தம்பி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வரிசையாக ட்யூப்லைட் கட்டி, தொட்டிகளில் லெட்யூஸ் என்ற சாலட் கீரை வளர்க்கிறார். வெளிச்சம் கச்சிதம், டைமர் உண்டு, விசிறி உண்டு. ஆனாலும் இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாகிறது. கால்சியம் தெளித்தார், நுண்ணூட்டம் ஊற்றினார், வேப்பெண்ணெயும் அடித்துப் பார்த்தார். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "ஆர்.ஓ. தண்ணிதாண்ணே" என்றார். பார்த்தால், ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயைப் பக்கெட்டில் விட்டு வைத்திருந்தார். வீணாகப் போகிறதே என்ற நல்லெண்ணம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, நல்ல டார்ச்லைட் விலைகூட இருக்காது. அதை வைத்துப் பார்த்தோம். குடிக்கிற குழாயில் அறுபதை ஒட்டி. வீட்டுக் குழாயில் தொள்ளாயிரம். கழிவுக் குழாயில் ஆயிரத்து முந்நூறு. கடைசியாக, ஒரு தொட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றி அடியில் வழிந்ததைப் பிடித்து மீட்டரை வைத்தால், மூவாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. தம்பி என் முகத்தைப் பார்த்தார். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. லெட்யூஸோ உப்பென்றால் சட்டெனத் துவளுகிற பயிர்.

கணக்கு ரொம்பச் சாதாரணமானது. தண்ணீர் இலை வழியாகவும் மண்ணின் மேல்புறம் வழியாகவும் காற்றில் போய்விடும். உப்பு தொட்டியிலேயே தங்கும். மறுநாள் ஊற்றுகிற தண்ணீர் அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். வெளியே இருக்கிற செடிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வடகிழக்குப் பருவமழை வந்து மண்ணை அலசிவிட்டுப் போகும். வீட்டுக்குள் மழை பெய்யாது. கடலோர ஊர், போர்த் தண்ணீர், ஆண்டுக்காண்டு உள்ளே ஏறுகிற உப்பு. இத்தனையும் வைத்துக்கொண்டு, உப்பைப் பிரித்தெடுத்துச் சேர்த்த கழிவுநீரைத் தேடிப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் தரை துடைக்க, கழிப்பறைக்கு, வண்டி கழுவ நன்றாக உதவும். தொட்டிச் செடிக்கு வேண்டாம். முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊருக்குள் வந்ததன் நினைவாகப் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் கட்டி வைத்த ஊர் இது. நல்ல தண்ணீர் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பியின் தொட்டிகளை நல்ல தண்ணீரால், தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, வழியவிட்டு அலசினோம். இப்போது அவர் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறார். தீர்ந்தால் ஆர்.ஓ. நல்ல தண்ணீரில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிறார். ஏன் கலக்க வேண்டும் என்றால், வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை. உரத்தில் அவை இல்லாவிட்டால் அது வேறொரு பஞ்சத்தில் போய் முடியும். செங்கல் மாதிரி அழுத்தி வருகிற தென்னைநார்த் தூளிலும் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் தொட்டியில் போட வேண்டும். "கழுவியது" என்று பொட்டலத்தில் போட்டிருந்தாலும் மீட்டரை ஒரு தடவை வைத்துவிடுங்கள்.

விளக்கால் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறது, பெரும்பாலும் தூரத்தால். நம் கண் வெளிச்சத்தை அளக்கத் தெரியாத உறுப்பு. ட்யூப்லைட் எரிகிற கூடத்தில் இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். இரண்டும் நமக்கு 'நல்ல வெளிச்சம்'தான். செடிக்கோ ஒன்று விருந்து, மற்றது பட்டினி. கூரையில் மாட்டிய ஒன்பது வாட் பல்பின் கீழே துளசித் தொட்டியை வைத்துவிட்டு, நெடுநெடுவென வளர்ந்து சாய்கிறதே என்றால், அது வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது. பல்பிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகும். ஒரு 20 வாட் பேட்டன் ட்யூப்பை இலைக்கு ஒரு சாண் மேலே கட்டினால் நாலாயிரம் லக்ஸை ஒட்டிக் கிடைக்கும். இரண்டு ட்யூப் சேர்த்துக் கட்டினால் முளைக்கீரைத் தட்டுக்குப் போதும். லெட்யூஸுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்தால் நல்லது. மணி பிளான்டுக்கு ஆயிரம் போதும். செல்போனில் லக்ஸ் காட்டுகிற ஆப்கூடத் தோராயமாக உதவும். துளசியும் தக்காளியும் மல்லியும் வீட்டுக்குள் கேட்கிற வெளிச்சத்துக்குக் கரண்ட் பில் கட்டுவதைவிட, மாடிச் சாவி கேட்டு வீட்டுக்காரரிடம் கெஞ்சுவது மேல்.

ஊதா நிறத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மை. அதனால் அந்த இரண்டு நிறத்தை மட்டும் வைத்து விளக்கு செய்தார்கள். ஆனால் பச்சை ஒளியும் இலைக்கு உதவுகிறது, மேலிலையைத் தாண்டிக் கீழிலைக்கும் இறங்குகிறது. விண்வெளி நிலையத்து விளக்கிலேயே பச்சையும் சேர்த்திருக்கிறார்கள்; வளர்கிற கீரை பார்க்கக் கீரையாகத் தெரிய வேண்டுமல்லவா! வீட்டில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளை வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் சிவப்பும் எல்லாம் கலந்திருக்கிறது. கீரைக்கு அதுவே தாராளம், இலையின் நிறமும் கண்ணுக்குத் தெரியும். ஊதா விளக்கின் பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மீட்டரில் மாட்டினால் நூறு வாட் இழுப்பதே அபூர்வம். 'அதற்குச் சமம்' என்ற வார்த்தை எறும்பு எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கும்.

இன்னொரு வகையினர் விளக்கை அணைப்பதே இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தால் இரட்டிப்பாக வளரும் என்ற நினைப்பு. தொடர்ந்து வெளிச்சம் பட்டால் தக்காளி இலை வெளுத்துக் கெட்டுவிடும். கொத்தமல்லிக்கு நீண்ட பகலும் வெக்கையும் சேர்ந்தால் இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும். எட்டு மணி நேர வேலை கேட்டதற்காக 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுடப்பட்டுச் செத்த ஊர் இது. அந்தச் சட்டம் ஆசியாவிலேயே முதலில் நமக்குத்தான் வந்தது என்று இன்றும் பெருமை பேசுகிறோம். என் அப்பா ரோடியர் மில்லில் ஷிப்டு பார்த்தவர். ஒரு கொத்தமல்லியை மூன்று ஷிப்டும் வேலை வாங்குவதை அவர் பார்த்திருந்தால் சங்கத்துக்கு ஆள் அனுப்பியிருப்பார். பன்னிரண்டிலிருந்து பதினாலு மணி நேரம் வெளிச்சம் போதும். டைமர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். நாற்பது வாட் பதினாலு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு பதினேழு யூனிட்.

செடிக்கு என்ன என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இலை? மஞ்சள் என்றால் போதாது. கீழே உள்ள கிழட்டு இலை முதலில் மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், அல்லது வேர் எந்நேரமும் நனைந்து மூச்சுவிட முடியாமல் இருக்கலாம், அல்லது மேலிலை மறைத்து வெளிச்சம் போகாமல் இருக்கலாம். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்தால் இரண்டாவதா என்று தெரிந்துவிடும். கிழட்டு இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால் மக்னீசியம். அதே கோலம் உச்சிக் கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. ஆனால் உடனே இரும்பு டானிக் வாங்கப் போகாதீர்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணின் காரம் ஏறிவிட்டால், இருக்கிற இரும்பையே வேரால் எடுக்க முடியாது. மறுபடியும் தண்ணீரில்தான் வந்து நிற்கிறோம். உச்சி இலை விளக்குக்கு நேர் கீழே மட்டும் வெளுத்து, ஓரத்தில் உள்ள செடி பச்சையாக இருந்தால், அது விளக்கு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அரை அடி உயர்த்துங்கள். வெளி இலைகளின் ஓரமும் நுனியும் காய்ந்தால் உப்பு. லெட்யூஸின் உள்குருத்து நுனி மட்டும் கருகினால் அங்கே கால்சியம் போய்ச் சேரவில்லை. கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும், காற்றே அசையாத புழுக்கத்தில் குருத்து தண்ணீரை இழுக்காது. பாட்டில் கால்சியத்தைவிட விசிறிக்காற்று அதற்கு நல்ல மருந்து.

தக்காளி இலையின் அடியில் வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் கொப்புளம் வந்ததைப் பூச்சி முட்டை என்று நினைத்து ஒருவர் மருந்து அடித்துக்கொண்டே இருந்தார். நகத்தால் கீறிப் பார்த்தால் முட்டை கழன்று வரும், கொப்புளம் இலையின் சதையாகவே கிழியும். புற ஊதா இல்லாத எல்.இ.டி. வெளிச்சத்தில், வேரும் நனைந்து காற்றும் நனைந்திருந்தால் தக்காளிக்கு இது வருவதுண்டு. தொற்றுநோய் அல்ல. தினமும் கொஞ்ச நேரம் வெயில் காட்டி, தண்ணீரைக் குறைத்தால் புது இலை சுத்தமாக வரும். கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சி மண்ணிலிருந்து எழும்பினால், மேல்மண் காயவே இல்லை என்று பொருள். அதைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டியில் குத்தி வைத்தால் போதும்.

இதில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அவசரம். காய்ந்த இலை மறுபடி பச்சையாகாது. விளக்கை ஏற்றியோ தண்ணீரை மாற்றியோ சரிசெய்த பிறகு, அடுத்து வருகிற இலையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். நம்மவர்கள் மறுநாள் காலை பழைய இலையைப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று அடுத்த பாட்டிலைத் திறக்கிறார்கள். ஒரே வாரத்தில் நாலு மாற்றம் செய்தால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. செத்தாலும் அதே கதை.

இந்த விஷயத்தில் அரசிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நம் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது. வெளியூர்ப் பயிர் இந்த மண்ணிலும் வெயிலிலும் தேறுமா என்று சோதிக்கிற வேலை பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே அங்கே நடந்தது. அதே கேள்வியை இன்று வெளியூர் விளக்கிடமும் வெளியூர் யோசனையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சியில் பெரிய பூசணிக்குப் பரிசு கொடுக்கிற அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடட்டும். டி.டி.எஸ். பேனா, கார அமிலம் பார்க்கிற மீட்டர், லக்ஸ் மீட்டர், பூதக்கண்ணாடி, வாட் காட்டும் பிளக் மீட்டர். வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் வாடிய இலையை ஒரு கவரிலும் கொண்டுவாருங்கள் என்று அறிவிக்கட்டும். குரும்பாபேட்டில் இருக்கிற பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மாதத்துக்கு ஒரு நாள் இதையே செய்யலாம். ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவருக்கு மட்டும்தான் யோசனை என்றில்லாமல், ஒரு தட்டுக் கீரைக்காரருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். விற்கிறவர்களிடம் என் கோரிக்கை இன்னும் சின்னது. பெட்டியின் மேல் உண்மையான வாட் எவ்வளவு, ஓர் அடி தூரத்தில் வெளிச்சம் எவ்வளவு என்ற இரண்டையும் அச்சிடுங்கள். வீட்டு பல்புக்கு வாட், லூமன், கெல்வின் மூன்றையும் அச்சிடத் தெரிந்த தொழிலுக்கு இது பெரிய காரியமில்லை. என் கடையில் நானே அளந்து துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுகிறேன். அதனால் எனக்கு வியாபாரம் குறைந்ததா என்றால், ஊதா விளக்கு வியாபாரம் குறைந்தது, பேட்டன் ட்யூப் வியாபாரம் ஏறியது.

ஒயர்க்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்று பாக்கி. செடி வைத்திருக்கிற அறைகளில் நான் பார்க்கிற ஒயரிங் பயமாக இருக்கிறது. தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மேலே தொட்டி, தொட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். நம் கடற்காற்றில் உப்பு இருப்பதால் பிளக்கின் பித்தளை பச்சை பிடிக்கிறது, எல்.இ.டி. பட்டையின் சால்டர் அரிக்கிறது. எல்.இ.டி. சூடாகாது என்பதும் பாதிதான் உண்மை. முன்பக்கம் சூடு தெரியாது, பின்பக்கம் கொதிக்கும், பரணில் அடைத்து வைத்த விளக்கின் டிரைவர் பெட்டி சீக்கிரம் போகும். பாக்ஸைத் தொட்டியைவிட உயரத்தில் சுவரில் அடியுங்கள். ஒயரைக் கொஞ்சம் தாழ்த்தித் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் ஒயர் வழியே பாக்ஸுக்குள் போகாது. வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று உங்கள் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த விளக்கு வாங்கும் முன் அதை மாட்டுங்கள். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊற்றுங்கள்.